காலில் அறுபடும் குருதிக்குழாயும் காக்கும் அறுவை மருத்துவமும்

(குலசேகரத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

குலசேகரம் சமணர்க்கு அயலூர் அன்று. இதன் அருகிலேயே திருநந்திக்கரைக் குடைவரை உள்ளது. சற்றுத் தொலைவில் சிதறால் மலை. கல்வெட்டுகள் திருச்சாரணத்து மலை என்று குறிக்கும் அம்மலையின் பாறைமுகத்தில் தீர்த்தங்கரர் உருவங்கள் புடைப்புச் சிற்பங்களாக வரிசையுற அமைந்துள்ளன. வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பகுதிகளிலிருந்து யாத்திரையாக வரும் குடும்பத்தார் இம்மலைநாட்டுச் சாலைகளின் வழியாகவே அங்குச் செல்கின்றனர்.

உணவு, அடைக்கலம், மருந்து, நூல் எனத் தானம் நால்வகைப்படும் என்று அறநூல்கள் கூறும். அவற்றுள் ஔடத தானம் என்பது மருந்தை விலைக்கு வாங்கிக் கொடுப்பதோடு முடிவதன்று. இடர் நேர்ந்த வேளையில் செய்யத்தக்கது எது, தகாதது எது என்னும் அறிவைப் பலரும் பெறச் செய்வதும் அதன்பாற்படும். அவ்விடத்தில் ஔடத தானமும் சாத்திர தானமும் ஒன்றாகின்றன. அக்கருத்தோடு, விபத்தால் காலின் குருதிக்குழாய் அறுபடுவதும், அதனைச் சீர்செய்யும் அறுவை மருத்துவமும் இங்கே பொருளாகின்றன.

ஊரும் தொழிலும்

இப்பொருள் இவ்வூருக்கு எவ்வாறு பொருந்தும் என்று வினவலாம். குலசேகரத்தைச் சூழ்ந்தவை ரப்பர்த் தோட்டங்கள். பால்வெட்டும் தொழிலாளி பொழுது விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, ஈரம் படிந்த சரிவில், கையில் கூரிய கத்தியுடன் மரத்துக்கு மரம் நடக்கிறார். பால் வற்றிய மரங்களை இயந்திர வாள் கொண்டு அறுக்கின்றனர். தடிகளை லாரியில் ஏற்றுகின்றனர். தென்னையில் ஏறி இறங்குவோர் பலர். வளைந்து நெளியும் சாலைகளில் இளைஞர்கள் இருசக்கர வண்டியில் விரைகின்றனர். இவர்கள் அனைவருக்கும் கால்களே வாழ்வின் முதல். ஒருவர் காலை இழந்தால் ஒரு குடும்பம் தன் உழைப்பை இழக்கிறது.

குருதி செல்லும் வழி

இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி வயிற்றின் கீழ்ப்பகுதியில் இரண்டாகப் பிரிந்து, கவட்டைக் கடந்து ஒவ்வொரு தொடையிலும் தொடைத் தமனியாக இறங்குகிறது. அதுவே முழங்காலின் பின்குழியைக் கடந்து, கணுக்காலை நோக்கி மூன்று கிளைகளாகப் பிரிகிறது. சென்ற குருதியைச் சிரைகள் மீண்டும் இதயத்துக்குக் கொண்டுவருகின்றன.

இவற்றுள் முழங்காலின் பின்குழித் தமனியே மிகுந்த இடர்ப்பாட்டுக்குரியது. பேச்சிப்பாறை நீரைக் கொண்டுசெல்லும் கால்வாய் ஒருபக்கம் உடைந்தால், வேறொரு கிளைவாய்க்கால் வழியாக வயலுக்குச் சிறிது நீரேனும் சேரும். ஆனால் பறளியாற்றின் மேல் நிற்கும் மாத்தூர்த் தொட்டிப்பாலம் உடைந்தால் அக்கரைக்கு நீர் செல்ல வேறு வழியில்லை. பின்குழித் தமனியும் அத்தொட்டிப்பாலம் போன்றது. அதற்குத் துணையாகும் கிளைக்குழாய்கள் சிறியன. முழுக்காலுக்கும் அவை போதா. மேலும் அது மூட்டுக்கு மேலும் கீழும் இறுகப் பிணிக்கப்பட்டிருப்பதால், முழங்கால் மூட்டு விலகும்போது விலகி இடங்கொடுக்க இயலாமல் இழுபட்டுக் கிழிகிறது.

குருதிக்குழாய்க் காயம் இருவகையாக வெளிப்படும். ஒன்று கண்ணுக்குத் தெரிவது. கத்தியோ வாளோ கண்ணாடியோ பாய்ந்த இடத்திலிருந்து செந்நிறக் குருதி நாடித் துடிப்போடு பீறிடும். முற்றிலும் அறுபட்ட தமனி தன் தசையால் சுருங்கி உள்ளிழுத்துக்கொள்ளும்; பாதி அறுபட்ட தமனியோ சுருங்க இயலாமல் வாய்திறந்தே நிற்கும். ஆதலால் சிறிதாகத் தோன்றும் காயமே சிலவேளை நிற்காமல் குருதி சிந்துகிறது.

மற்றொன்று கண்ணுக்குத் தெரியாதது. அதுவே பெரும்பாலும் ஏமாற்றுவது. வண்டியிலிருந்து விழுந்தவரின் தோல் கிழிந்திராது, குருதியும் கசிந்திராது. எலும்பு முறிந்தோ மூட்டு விலகியோ இருக்கும். தமனியின் வெளிச்சுவர் முழுமையாக நிற்க, உட்படலம் மட்டும் கிழிந்து மடிந்து, அதன்மேல் குருதி உறைந்து வழியை அடைத்துவிடும். பாதம் வெளிறும், குளிரும், மரத்துப்போகும், விரல்களை அசைக்க இயலாது, தாங்கொணா வலி எழும், கணுக்காலருகே நாடி அகப்படாது. முறிவைப் பார்க்கும் கண்கள் பாதத்தைப் பார்க்கத் தவறுவதால் இழக்கப்படும் கால்கள் உண்டு.

குமரி மாவட்டம் வர்ம மருத்துவத்துக்கும் எலும்பு முறிவு வைத்தியத்துக்கும் பெயர்பெற்றது. அவ்வாசான்மார்களின் கைத்திறனை மதிப்போர் பலர். ஆயினும், பாதம் குளிர்ந்து வெளிறியிருக்குமாயின் அது கட்டுப்போட வேண்டிய காலன்று. உடனே அறுவை அரங்குக்குச் செல்ல வேண்டிய கால். அந்நிலையில் இறுகப் போடும் கட்டு, எஞ்சிய குருதியோட்டத்தையும் தடுத்துவிடும்.

குருதி பெறாத தசை ஏறத்தாழ ஆறு மணி நேரம் தாங்கும் என்பது அறுவை மருத்துவர்கள் கைக்கொள்ளும் பொதுக் கணக்கு. நரம்பு அதற்கும் முன்னரே தளர்கிறது. ஆறு மணி என்பது மருத்துவமனை வாயிலை அடையும் நேரமன்று. குருதி மீண்டும் பாதத்தில் ஓடத் தொடங்கும் நேரம். அதற்குள் வண்டி வரவேண்டும்; சோதனை நிகழவேண்டும்; அறுவை முடியவேண்டும்.

முடிச்சிலிருந்து தையலுக்கு

புண்ணைத் தைத்து ஆற்றும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. சேர மன்னரைப் பாடும் பதிற்றுப்பத்தில், வீரர் மார்பின் புண்ணைத் தைத்த நெடிய ஊசி, குளத்தில் மூழ்கி எழும் மீன்கொத்திக்கு உவமிக்கப்படுகிறது. சமணப் பெருங்காப்பியமாகிய சீவக சிந்தாமணியில், போரில் புண்பட்டோர்க்குப் பதுமுகன் நெய்த்துணி இட்டு மருத்துவம் செய்வித்த செய்தி வருகிறது. வடமொழியில் சுசுருதர், குருதியை நிறுத்தும் வழிகள் நான்கு என வகுத்துரைத்தார். எனினும் இவையெல்லாம் புண்ணை மூடுவனவும் குருதியை நிறுத்துவனவுமே. அறுபட்ட தமனியின் இரு முனைகளையும் இணைத்து, குருதியை மீண்டும் ஓடச் செய்யும் கலை மிகப் பிற்காலத்தது.

16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு நாட்டுப் படை மருத்துவர் அம்புரோயிசு பாரே, கால் துண்டிக்கும்போது காய்ச்சிய இரும்பால் சுடுவதை விடுத்துத் தமனியை நூலால் முடிந்தார். உயிர் காக்கப்பட்டது; கால் காக்கப்படவில்லை. அதன்பின் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக முடிச்சே மருத்துவமாக இருந்தது.

1894ஆம் ஆண்டு பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் சாதி கார்னோ, லியோன் நகரில் கத்தியால் குத்தப்பட்டார். பெருஞ்சிரை ஒன்று அறுபட்டது. தைக்கும் முறை அறியப்படாமையால் அவர் உயிர் பிரிந்தது. அந்நகரில் மருத்துவம் பயின்ற இளைஞர் அலெக்சிசு காரெலின் உள்ளத்தை அது உறுத்தியது. அவர் பூத்தையல் செய்யும் பெண்மணி ஒருவரிடம் நுண்ணிய ஊசியையும் பட்டு நூலையும் கையாளக் கற்றார். வட்டமான குழாயின் விளிம்பில் மூன்று இடங்களில் தையலிட்டு இழுத்தால் அது முக்கோணமாகும். நேர்கோட்டில் தைப்பது எளிதாகும் என்று கண்டு 1902இல் வெளியிட்டார். 1912இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மருத்துவ உலகின் பெருங்கதவு ஒன்று ஒரு தையற்காரியின் விரல்நுட்பத்தால் திறந்தது.

கதவு திறந்தும் உள்ளே புக நெடுங்காலம் ஆயிற்று. இம்மாவட்டத்து நெய்யூர் மருத்துவமனையில் 1920களிலிருந்து இருபதாண்டுகளுக்கு மேல் தொண்டாற்றிய ஓவார்டு சாமர்வெல், எவரெசுட்டு மலையேற்றத்திலும் பங்குகொண்டவர். அவர் முதல் உலகப் போரில் சோம் களத்தில் அறுவை மருத்துவராக இருந்தார். வெட்டவெளியில் நூற்றுக்கணக்கானோர் புண்பட்டுக் கிடந்தும், தன்னை முதலில் கவனிக்குமாறு ஒருவரும் வேண்டவில்லை என்று அவர் வியந்து எழுதினார். போர்க்களத்துத் தமனிக் காயத்துக்கு அந்நாளில் பெரும்பாலும் முடிச்சு ஒன்றே வழி.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் 1946இல் மருத்துவர்கள் டிபேக்கியும் சிமியோனும் அமெரிக்கப் படையினரின் 2,471 தமனிக் காயங்களைத் தொகுத்து ஆராய்ந்தனர். மிகச் சிலவே தைக்கப்பட்டிருந்தன. ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பேர் உறுப்பை இழந்திருந்தனர். பின்குழித் தமனியை முடிந்தவர்களுள் பத்தில் ஏழு பேருக்கு மேல் காலை இழந்தனர். கொரியப் போரில் முடிவதை விடுத்துத் தைக்கத் தொடங்கியபோது இழப்பு நூற்றுக்கு 13 என்னும் அளவுக்குக் குறைந்தது. வியட்நாம் போரில் நார்மன் ரிச் தொகுத்த ஆயிரம் காயங்களிலும் ஏறக்குறைய அதே அளவுதான். ஆயினும் பின்குழித் தமனி மட்டும் அப்போதும் நூற்றுக்கு முப்பதை ஒட்டிய இழப்பைத் தந்தது. ஊர்தி விரைவு, குருதி ஏற்றல், தையல் ஆகிய மூன்றும் சேர்ந்தே இம்மாற்றத்தை விளைவித்தன.

அறுவை அரங்கில்

காயமுற்றவர் வந்தவுடன் முதலில் மூச்சும் குருதியழுத்தமும் நிலைநிறுத்தப்படும். பின் கணுக்காலின் குருதியழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்துப் பார்ப்பர். ஈவு 0.9க்குக் கீழே இருப்பின் தமனிக் காயத்துக்கு ஐயம் உண்டு. ஒலியலைக் கருவியாலும், தேவைப்படின் நிறப்பொருள் செலுத்தி எடுக்கும் சி.டி. படத்தாலும் அடைப்பு எங்கே என்று அறிவர். குருதி பீறிடுகையிலோ பாதம் உயிரற்றுத் தோன்றுகையிலோ படத்துக்காகக் காத்திராமல் நேரே அரங்குக்குக் கொண்டுசெல்வர்.

அங்கே அடிபட்ட காலோடு மறுகாலையும் தூய்மை செய்து ஆயத்தமாக வைப்பர். இதன் காரணம் பின்னர் விளங்கும். முதலில் காயத்துக்கு மேலும் கீழும் நல்ல தமனியைத் தேடிப் பற்றுக்கருவியால் பிடிப்பர். நசுங்கிய பகுதியை நல்ல சுவர் தோன்றும் வரை வெட்டி நீக்குவர். எலும்பு முறிந்து கால் நிலைகொள்ளாதபோது, சிறு பிளாசுட்டிக் குழாய் ஒன்றைத் தமனியின் இரு முனைகளுக்கிடையே தற்காலிகமாகப் பொருத்திப் பாதத்துக்குக் குருதி ஓடச் செய்துவிட்டு, எலும்பைக் கம்பிச் சட்டத்தால் நிறுத்துவர். சிறு மருத்துவமனையில் இருக்கும் மருத்துவரும் இக்குழாயைப் பொருத்திவிட்டுப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பலாம். அது நேரத்தைக் கடன் வாங்கித் தரும்.

அடுத்து உறைகட்டி. தமனியின் கீழ்ப்பகுதியில் உறைந்த குருதி தங்கியிருப்பின் எத்தகைய தையலும் பயன்படாது. இதனை நீக்கும் கருவியை 1960களின் தொடக்கத்தில் அமெரிக்க இளைஞர் தாமசு ஃபோகார்ட்டி உருவாக்கினார். மெல்லிய குழாயின் நுனியில் அறுவைக் கையுறையின் விரல்நுனியைக் கட்டி, உறைகட்டியைக் கடந்தபின் ஊதி, மெல்ல வெளியே இழுக்கச் செய்தார். அக்கையுறை ரப்பர்ப் பாலால் ஆனது. குலசேகரத்து மரங்களில் சொட்டும் பால் போன்ற ஒன்றே எண்ணற்ற கால்களைக் காத்த கருவியாயிற்று என்பதை இவ்வூரார் அறிந்து மகிழலாம்.

பின் இணைப்பு. இழுத்துத் தைத்தால் தையல் பிய்ந்துவிடும். ஆகவே இடைவெளி பெரிதாயின் நடுவே ஒரு குழாய் வேண்டும். அதற்கு மிகச் சிறந்தது அந்நோயாளியின் சொந்தச் சிரையே. கணுக்காலிலிருந்து தொடை வரை தோலுக்கடியில் ஓடும் நெடுஞ்சிரையின் ஒரு துண்டை எடுப்பர். அதை அடிபடாத காலிலிருந்தே எடுப்பர். ஏனெனில், அடிபட்ட காலின் ஆழ்சிரை கெட்டிருந்தால் அங்கே எஞ்சியுள்ள தோலடிச் சிரையே குருதி திரும்பும் வழியாகும். மறுகாலை முன்னரே ஆயத்தம் செய்தது இதற்காகவே. சிரையினுள் குருதியை மேல்நோக்கி மட்டுமே செல்லவிடும் வால்வுகள் இருப்பதால், அத்துண்டைத் தலைகீழாகத் திருப்பிப் பொருத்துவர். மிக மெல்லிய நூலால் தைத்து, பற்றுக்கருவியை நீக்கியவுடன், வெளிறிய பாதம் மெல்லச் சிவக்கும்.

இத்துடன் பணி முடிவதில்லை. நெடுநேரம் குருதி பெறாத தசைக்குத் திடீரெனக் குருதி பாய்ந்தால் அது வீங்கும். முழங்காலின் கீழுள்ள தசைகள் விரியாத உறைகளால் நான்கு அறைகளாக அடைக்கப்பட்டுள்ளன. வீக்கம் மிகும்போது அழுத்தம் ஏறி, தைத்த தமனியையும் பயனற்றதாக்கும். ஆகவே காலின் இருபுறமும் நீள வெட்டி அவ்வறைகளைத் திறந்துவிடுவர். அப்புண்ணைக் கண்டு உறவினர் அஞ்சுவதுண்டு. அஞ்ச வேண்டுவதில்லை, சில நாளில் வீக்கம் வடிந்தபின் அது தைக்கப்படும், இன்றேல் தோல் ஒட்டப்படும். மேலும், அழிந்த தசையிலிருந்து வெளிப்படும் பொருள்கள் சிறுநீரகத்தையும் இதயத்தையும் தாக்கக் கூடும். எனவே சில நாள்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் காத்திருப்பது இன்றியமையாதது.

காலத்தாழ்வினாலோ காயத்தின் கொடுமையாலோ காலை இழக்க நேர்வதும் உண்டு. தசை முழுதும் இறந்தபின் காலைக் காக்க முனைவது உயிரையே பறிக்கும். அந்நிலையில் மருத்துவர் கூறும் சொல்லை ஏற்பதும் அறிவுடைமையே. இழந்தோர்க்கு வாழ்வு முடிந்துவிடவில்லை. கைவினைஞர் இராம் சந்திர சர்மாவும் மருத்துவர் பி.கே. சேத்தியும் உருவாக்கிய ஜெய்ப்பூர்க் காலும் ரப்பரால் ஆனதே. 1975இல் டி.ஆர். மேத்தா நிறுவிய பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதி அதனை ஏழைகளுக்கு விலையின்றி வழங்கிவருகிறது. மகாவீரர் பெயரால் நடக்கும் ஔடத தானத்துக்கு அது சிறந்த சான்று.

கொல்லாமையும் மருந்தும்

இங்கே சமணக் குடும்பத்தார் உள்ளத்தில் எழும் வினா ஒன்றுண்டு. அறுவையில் குருதி உறையாதிருக்கச் செலுத்தும் ஹெப்பாரின் என்னும் மருந்து பன்றியின் குடற்படலத்திலிருந்து எடுக்கப்படுகிறது. பழைய தையல் நூல் விலங்கின் குடலால் ஆனது. இவற்றை ஏற்கலாமோ என்பது வினா.

நூலைப் பற்றிய கவலை பெரும்பாலும் நீங்கிவிட்டது. குருதிக்குழாயை இன்று தைப்பது பாலிபுரோப்பிலீன் என்னும் செயற்கை இழையால். ஒட்டப்படும் சிரையோ தன்னுடையது. ஹெப்பாரினைப் பொறுத்தவரை, செயற்கையாக ஆக்கப்பட்ட மாற்று மருந்துகள் உள்ளன. எனினும் அறுவையின் நடுவே உடனே செயற்பட்டு, வேண்டும்போது முறிக்கத்தக்கதாக மருத்துவர் முதலில் நாடுவது ஹெப்பாரினையே. தலையிலோ வயிற்றிலோ வேறு காயம் இருப்பின் அதனைத் தவிர்த்தும் அறுவை செய்வர்.

இல்லறத்தார்க்கு விதிக்கப்பட்ட அணுவிரதம், கொல்லும் எண்ணத்தோடு செய்யும் சங்கற்ப ஹிம்சையை முற்றும் விலக்குகிறது. வாழ்க்கைத் தொழிலில் தவிர்க்க இயலாது நேர்வதை இயன்றவரை குறைக்கச் சொல்கிறது. கத்தியை எடுக்கும் கொலைஞனுக்கும் கத்தியை எடுக்கும் மருத்துவனுக்கும் வேற்றுமை எண்ணத்தில் உள்ளது. முடிவு அவரவர் மனச்சான்றுக்கு உரியது. ஆனால் அதனை ஆராயத்தக்க இடம் வீடு. ஆராயத்தக்க பொழுது நலமாக இருக்கும் பொழுது. குளிர்ந்த காலுடன் மகன் கிடக்க, அரங்கின் வாயிலில் பெரியோர் கூடி ஆராய்வது, காக்கத்தக்க உயிரைக் கைவிடுவதாகவே முடியும். மாற்று மருந்து வேண்டுவோர் அதனை முதற்சொல்லிலேயே மருத்துவரிடம் கூறிவிடுதல் நன்று.

அருகில் இருப்பவர் கடமை

நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து துணைசெய்பவர் என மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகள் கூறுகிறது திருக்குறள். காலின் குருதிக்குழாய்க் காயத்தில் முதற்கடமை நான்காமவருடையது.

குருதி பீறிட்டால் தூய துணியை மடித்துக் காயத்தின் மேலேயே வைத்து உள்ளங்கையால் அழுத்த வேண்டும். இடையிடையே எடுத்துப் பார்க்கலாகாது. துணி நனைந்தால் அதன்மேல் இன்னொன்று வைத்து அழுத்துக. காபித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு ஆகியவற்றை அப்புதல் தீங்கு. குத்திநிற்கும் கம்பியையோ மரத்துண்டையோ பிடுங்கலாகாது.

அழுத்தியும் நிற்காது உயிர்க்கு இடர் எனில் மட்டும், காயத்துக்கு நான்கு விரல் மேலே, மூட்டின்மேல் படாமல், அகலமான துணிப்பட்டையால் கட்டி, ஒரு குச்சியைச் செருகி முறுக்கிக் குருதி நிற்கும் வரை இறுக்கலாம். மெல்லிய கயிறும் கம்பியும் தசையை அறுக்கும், அவை கூடா. கட்டிய நேரத்தை எழுதி வைத்து, மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கட்டை வழியில் அவிழ்க்கலாகாது.

குருதி சிந்தாத காயத்தில், இரு பாதங்களையும் தொட்டு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒன்று குளிர்ந்திருந்தால் அச்செய்தியை மருத்துவரிடம் முதலில் கூறுக. தேய்ப்பதும் வெந்நீர் ஒற்றடமும் வேண்டா. அறுவை தேவைப்படலாம் ஆதலால் உண்ணவும் பருகவும் எதுவும் கொடுக்கலாகாது.

108 ஊர்தியை அழைக்கும்போதே காலில் குருதியோட்டம் நின்றிருக்கலாம் என்று சொல்லிவிடுதல் நன்று. குலசேகரத்திலேயே மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது, நாகர்கோவிலை அடுத்த ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது, திருவனந்தபுரமும் தொலைவன்று. குருதிக்குழாய் அறுவை வல்லுநர் எங்கே அந்நேரத்தில் உள்ளார் என்பதைத் தொலைபேசியில் கேட்டறிந்து செல்லின், ஒரு வாயிலிலிருந்து இன்னொரு வாயிலுக்கு அலையும் நேரம் மிஞ்சும்.

காவல் வழக்குக்கு அஞ்சி விலகிச் செல்வோர் இன்னும் உளர். அவ்வச்சத்துக்கு இடமில்லை. விபத்தில் உதவுவோர்க்கான காப்பு நெறிகளை உச்ச நீதிமன்றம் 2016இல் உறுதிசெய்தது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுபவர் மீது வழக்குத் தொடர இயலாது என்கிறது. சாலை விபத்தில் காயமுற்றோர்க்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றித் தரும் இன்னுயிர் காப்போம் திட்டமும் 2021 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் நடைமுறையில் உள்ளது. பணம் கையில் இல்லை என்பதற்காக நேரத்தை இழக்க வேண்டுவதில்லை.

இவ்வறுவைகளுக்குப் பல அலகுக் குருதி தேவைப்படும். உண்ணாநோன்பு இருக்கும் நாள்கள் நீங்கலாக மற்ற நாள்களில், உடல்நலமுள்ள இளைஞர்கள் குருதிக்கொடை அளிக்கலாம். எவ்வுயிரையும் வருத்தாமல் தன் உடலிலிருந்தே கொடுக்கும் ஔடத தானம் அது.

இங்குக் கூறியவற்றுள் இரண்டை மட்டுமேனும் ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தல் வேண்டும். பீறிடும் குருதியைக் கையால் அழுத்துக. அடிபட்ட காலின் பாதத்தைத் தொட்டுப் பார்க்க. இவ்விரண்டும் அறிந்த ஒருவர் அருகில் இருந்தால், மருத்துவரின் திறத்துக்கு வேண்டிய நேரம் கிடைக்கும்.

 எல்லா உயிரும் இன்புற்று வாழ்க, அறம் வளர்க.